கோதுமை அனுப்பும் நாட்டின் தேர்தல்

அறுபத்தெட்டு நவம்பரில், பட்டு நெசவைப் பற்றிப் படிக்க வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார். ஒல்லியான உருவம். உயரத்துக்குப் போதாத நூல் சேலை. மாலையில் எங்கள் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்க வருவார். கேட்கும்போது கண்களை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் மாலை அவர் வந்தபோது, அவர் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலின் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தறியில் இருந்த என் மைத்துனர், "கோதுமை அனுப்பாதவரு ஜெயிக்கட்டும்மா. ரேஷன்ல வாங்கித் தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

"என் தம்பி வியட்நாம் சண்டையில் இருக்கிறான்," என்றார் அவர், கற்றுக்கொண்ட தமிழில். "அவனைத் திரும்பக் கூப்பிடுகிறவர் ஜெயிக்க வேண்டும்."

மைத்துனரின் கை நின்றது. "நீ கேளும்மா. தறிய நிறுத்திட்டேன்."

மறுநாள் செய்தி நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஜெயித்தவர் பெயரைக் கேட்டதும் அந்தப் பெண்மணி எழுந்து போனார். அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.