ஐஸ் வைக்காத மருந்து

எங்கள் வீட்டில் யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் ‘ஐஸ் மீன்’ என்று சொன்னால் போதும். ராயபுரம் கடற்கரைக் குப்பத்தில் மீன் என்றால் காலையில் வலையிலிருந்து இறங்கி, மதியம் குழம்பில் கொதிக்க வேண்டும். விற்காமல் கிடந்து கண் வெளுத்த மீன்தான் ஐஸ் பெட்டிக்குப் போகும். அதை ரயிலேற்றி வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். அம்மா கூடையோடு தெருவில் போகும்போதுகூட, “ஐஸு வெக்காத மீனேய்!” என்றுதான் கூவுவாள். அந்தக் கூவலைக் கேட்டு வளர்ந்த என்னிடம், பதினொரு வயதில், ஒரு மருந்து பாட்டிலை ஐஸில் வைத்துக் காக்கும் வேலையைக் கொடுத்தார்கள். என்னைவிடத் தகுதியில்லாத ஆளைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

மருந்து சித்தப்பாவுக்கு. அப்பாவின் தம்பியான அவர் கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். கட்டுமரத்தின் முனையில் நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்கள் ஒன்றில்தான், வலையைப் பிரிக்கும்போது கெளுத்தி துள்ளி முள்ளால் குத்திவிட்டது. இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரியின் தாய்ப்பாலை ஊற்றிப் பார்த்தோம். மூன்றாம் நாள் சீழ் கட்டியதும் அப்பா பதறிப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்.

கருவிழியில் புண் என்றார் டாக்டர். பெனிசிலின் என்று புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, காலையும் மாலையும் ஒரு வாரம் ஊசி போட்டால் கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கரைத்த மருந்தை ஐஸை விட்டு எடுக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது.

டாக்டரின் கம்பவுண்டர் சைக்கிளில் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். ஒல்லியான மனிதர். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தான் கொண்டுவந்த கிண்ணத்தில் ஊசியைக் கொதிக்க வைத்து, ஆறும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். ஊசி போட்டபின் கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, உடம்பு அரிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போனதும் நான் அவரைப் போலவே செய்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

முதல் நாள் மாலை, அம்மாவின் பழைய மீன் கூடை ஒன்றில் உமிக்கும் ஐஸுக்கும் நடுவிலிருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்த கம்பவுண்டர், “இன்னாம்மா, மருந்துகூட மீன் வாசம் அடிக்குது!” என்றார். விழி அசையாமலிருக்க இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்த சித்தப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப்போகும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அதோடு, ஐஸில் வைப்பது பழசானதைத்தானே! சித்தப்பாவின் புத்தம்புது மருந்தை ஐஸ் மீனாக்குகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளிலிருந்து, காலை ஊசி முடிந்து அப்பா கடற்கரைக்கும் அம்மா கூடையோடு விற்கவும் போனதும், பாட்டிலை வெளியே எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, கோயிலுக்கு மட்டும் உடுத்தும் என் பாவாடையால் துடைத்து, மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கின் பக்கத்தில் வைத்தேன். நல்ல கத்திரி வெயில் காலம். தகரக் கூரை வேறு. படத்துக்குக் கீழேதான் சித்தப்பாவின் பாய்.

“இன்னா பண்ணிகினு கீறே?” என்று ஒருநாள் கேட்டார்.

“உன் கண்ணுக்கு ஜெபம் பண்றேன் சித்தப்பா.” அது பொய்யல்ல.

“நல்லா பண்ணு கண்ணு.”

நான்கு மணிக்குப் பாட்டிலைத் திரும்ப ஐஸில் புதைத்துவிடுவேன். ஆறு மணிக்குக் கம்பவுண்டர் வரும்போது அது சில்லென்று இருக்கும். மீன் வாசமே இல்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்தக் கண் முழுக்க வெளுத்துப்போயிருந்தது. மருந்து ஐஸில் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். மாதா மேல் சத்தியமாக இருந்தது என்றாள் அம்மா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மா அடிப்பாளே என்ற பயம்தான் இருந்தது. கண் போனதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

கம்பவுண்டர் பாதி மருந்தை விற்றுவிட்டுத் தண்ணீர் கலந்துவிட்டார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். மறுநாள் விசாரிக்க வந்த அவரை வாசலிலேயே மறித்து, “என் தம்பி கண்ணை வித்துத் துன்னுட்டியேடா, பேமானி!” என்று சைக்கிளைத் தள்ளிவிட்டார். கிண்ணம் தெருவில் உருண்டது.

“நான் கலக்கலைங்க. ஐஸுலயே இருந்துச்சான்னு வூட்ல கேளுங்க” என்றார் அவர்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. விஷயம் குப்பமெல்லாம் பரவி, டாக்டர் காதுக்கும் போய், கம்பவுண்டருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். சந்தோஷப்பட்டோம். நானும்தான்.

பல வருடம் கழித்து, என் மகளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, கரைத்த மருந்தை வெயிலில் வைத்துவிட்டதாக ஒரு நர்ஸ் ஆயாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். வீரியம் போய்விட்டால் அது வெறும் தண்ணீர்தான் என்றாள். மாதா விளக்கின் பக்கத்தில் நான் வைத்த பாட்டில் நினைவுக்கு வந்தது. மருந்து சரியாக இருந்திருந்தாலும் கண் பிழைத்திருக்குமோ என்னவோ, அது தெரியாது. ஆனால் அந்த மனிதர் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. சொல்லி அழச் சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

அவருக்குச் சொல்ல வேண்டியும் இருந்திருக்காது. பகலெல்லாம் அந்தப் பாயில் கிடந்தவருக்கு, பாட்டில் கூடையிலிருந்து எழுந்து விளக்கடிக்குப் போனது காதில் விழாமலா இருக்கும்? வாசலில் கம்பவுண்டர் சொன்னதும் விழுந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர் ஒருவரால்தான் முடிந்திருக்கும்.

கண் போய் நாலைந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், சித்தப்பா நல்லதாக ஒரு வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்கு அழைத்துப் போனார். கம்பவுண்டர் வீட்டுக்குள் உட்கார்ந்து கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தாரே தவிர, வா என்று கூப்பிடவில்லை. சித்தப்பா மீனை வாசலில் வைத்துவிட்டு, “அய்யாவுக்குக் கும்பிடு போடு கண்ணு” என்றார்.

கண்ணைக் கெடுத்தவனுக்குக் கும்பிடா! நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அய்யாகிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதட்டவில்லை. வெகுநேரம் காத்திருந்தார்.

“இன்னா கீது சொல்ல? வா சித்தப்பா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

கம்பவுண்டரைப் பார்த்து, “சின்னப் பொண்ணு...” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சித்தப்பா திரும்பினார். வழியெல்லாம் என் கையை விடவேயில்லை. ஒற்றைக் கண்ணுக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, குண்டு குழி பார்த்து, நான்தான் அவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.