நாளுக்கு இருபது மின்னஞ்சல்

கொலம்பியாவில், பெரெய்ரா நகரத்தில் நான் மூட்டை தைக்கும் காபிக் கம்பெனியின் முதலாளி தோன் எவேலியோ. போன டிசம்பரில், விலைக்கு வாங்கிய நாற்பதாயிரம் முகவரிகளுக்கு, தான் நடத்தும் கிறிஸ்துமஸ் நவநாள் ஜெபத்துக்கு வரச்சொல்லி மின்னஞ்சல் அனுப்பித் தொலைத்தார். புகார்கள் குவிந்தன. அதன்பின் எங்கள் விலைப்பட்டியல்கூட ஸ்பாமில்தான் விழுந்தது.

எங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு வந்த கெட்ட பெயரைச் சரிசெய்யும் வேலையை அலுவலகத்து யோலிமா தலையில் கட்டினார். விலைப்பட்டியல் கேட்டவர்களுக்கு மட்டும், மறுபடி ஸ்பாமில் விழாதபடி நாளுக்கு இருபதாக அனுப்பினாள். வேண்டாம் என்றவர்களை அன்றே நீக்கினாள். பதில்கள் மறுபடி ஒழுங்காக வரப் பதினோரு மாதம் ஆனது. அதற்குள் அவள் கண்கள் குழிவிழுந்துவிட்டன.

“கெட்டிக்காரிம்மா நீ! இப்பதான் நல்ல பேரு வந்துடுச்சே, அந்த நாற்பதாயிரம் பேருக்கும் இந்த வருஷ அழைப்பைத் தட்டிவிடு” என்றார் முதலாளி.

“அந்தப் பட்டியலை அப்பவே அழிச்சிட்டேன், தோன் எவேலியோ” என்றாள் அவள், கண்ணைக் கசக்கியபடி. “அத்தனை பேரைக் கூப்பிட்டீங்களே, பக்கத்து மேஜையில இருக்குற என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?”