வெள்ளியா, ஞாயிறா: தோல் துண்டில் ஓர் ஓட்டு

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஓர் ஓட்டெடுப்பு. ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனி. வார லீவு வெள்ளியாகவே இருக்கட்டுமா, ஞாயிறுக்கு மாற்றலாமா?

வழக்கமாக இதையெல்லாம் எங்களிடம் யார் கேட்பார்கள்? யூனியன் தலைவர் ஆபீஸுக்குள் போவார். டீ குடித்துவிட்டு வருவார். மறுநாள் போர்டில் நோட்டீஸ் தொங்கும். இந்த முறை அவரே, "எப்படி முடிவு பண்ணாலும் என்னைத்தான் திட்டுவீங்க. நீங்களே போட்டுக்குங்கப்பா" என்று கழன்றுகொண்டார்.

தேர்தலுக்கே பட்டன் மெஷின் வந்துவிட்ட காலம்... எங்களுக்குத் தோல் துண்டு. கறுப்பு என்றால் வெள்ளி, பிரவுன் என்றால் ஞாயிறு. மறைப்புக்குப் பின்னால் போய் ஒன்றை எடுத்து அட்டைப் பெட்டியில் போட வேண்டும். தோலைத் தரம் பார்த்து வெட்டுகிற கட்டிங் ஆள் ஒருவர் உள்ளே போனவர் வரவே இல்லை.

"இன்னாபா, ஓட்டு போடறியா, கிரேடு போடறியா?"

"இருபா, எல்லாத்துலயும் கீறல் இருக்குது."

எனக்கு ஞாயிறு வேண்டும். மனைவி மேரிக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை; ஞாயிறுதான் லீவு. பண்டிகையை விட்டால், பதினோரு வருஷமாக இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருந்ததில்லை.

ஆனால் பக்கத்து மெஷின் பஷீர் பாய்க்கு வெள்ளிக்கிழமை தொழுகை. அவர் எதிரில் நான் கை தூக்குவேனா? நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் பார்த்தால் பேச்சு வராது. பெட்டி யாரையும் பார்ப்பதில்லை. யூனியன் கூட்டத்தில் மைக் பிடிப்பவருக்கும் ஒரு துண்டு, எனக்கும் ஒரு துண்டு. பிரவுனைப் போட்டேன்.

வெள்ளிதான் ஜெயித்தது.

"நீ ஞாயிறுதானே போட்டே?" என்றார் பாய். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்:

"போட்டா இன்னா? அதுக்குத்தானே பெட்டி வெச்சாங்க."

ஓட்டெடுப்பு என்றாலும் கம்மியான பக்கம் கம்மிதான். ஆனால் நோட்டீஸ் தொங்கும்போது வருகிற முணுமுணுப்பு இந்த முறை இல்லை. யாரைத் திட்டுவது?

வீட்டில் சொன்னேன். மேரி கேட்டாள்:

"அப்போ, இனிமே மாறாதா?"

"மாறாது."

"மாத்துவாங்க, மாத்துவாங்கன்னு நானும் சும்மாவே இருந்துட்டேன். நாளைக்கு எங்க சூப்பர்வைசர் அம்மாகிட்ட வெள்ளிக்கிழமை லீவு கேட்டுப் பார்க்கறேன்."

தெளிவாக ஒரு 'இல்லை' கிடைத்தால்தான் அடுத்த கதவைத் தட்டத் தோன்றுகிறது. என்ன... சூப்பர்வைசர் அம்மா ஓட்டெடுப்பு நடத்துகிற ஆள் இல்லை.