வெள்ளைத்துரையின் தலையாட்டல்

கோச்சடை தையல் கம்பெனியின் சூப்பர்வைசர் வெள்ளைத்துரை, யாரையும் முழுசாகப் பேசவிட்டவரில்லை. அதற்காகவே கம்பெனி அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. "குறுக்கே பேசாதீங்க, தலையாட்டிக் கேளுங்க" என்றார்கள். அங்கே சொன்னதில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. இது மட்டும் ஏறித் தொலைத்தது.

மறுநாள் தையல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, நாளைக்கு அழகர் எதிர்சேவைத் திருவிழா, லீவு வேண்டும் என்றார்கள். வெள்ளைத்துரை பெரிய ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தலையாட்டினார். முடியாது என்பதைச் சாயங்காலம் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவர், தன் பொறுமையைத் தானே மெச்சிக்கொண்டதில் அதை மறந்தே போனார்.

விடிந்தால் ஷெட்டில் தையல் மிஷின்களும் அவரும்தான். பதறிப்போய், தையல்காரர்களில் மூத்தவளான பாண்டீஸ்வரிக்கு போன் போட்டார்.

"யாரு தாயி லீவு குடுத்தது?"

"நீங்கதாண்ணே! இம்புட்டுத் தன்மையா யாருமே குடுத்ததில்ல. உங்களுக்கும் சேத்துச் சாமி கும்பிட்டுட்டு வாரோம்."

மேனேஜர் வந்தார். காலி ஷெட்டைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார். வெள்ளைத்துரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீயெல்லாம் ஒரு சூப்பர்வைசரா? எதுக்காவது லாயக்கா நீ? சுத்த தண்டம்!"

ஆமாம் ஆமாம் என்று அந்தப் பாழாய்ப்போன தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.