கர்ட்டன் அக்கா போட்ட வெப்சைட் பட்ஜெட்

வீட்டுக்காரர்கள் ஜன்னல் அளவை எழுதி நீட்டும் சீட்டை அக்கா வேண்டாம் என்று சொல்வதில்லை. மரியாதையாக வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னலை முதலிலிருந்து அளக்கத் தொடங்குவார். மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம். "நேத்துதான் நாங்களே அளந்தோம்" என்று யாராவது முனகினால், "நீங்க அளந்தது கண்ணாடிய. நான் மறைக்கப் போறது செவுத்தையும் சேத்து" என்பார். மூன்று அளவும் ஒன்றாக வந்த ஜன்னலை இருபது வருஷத் தொழிலில் அவர் இரண்டே இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு தரமும் தன் டேப்பின் மேல்தான் சந்தேகப்பட்டார்.

அவருடைய கடை ஒரு மாடி அறை. பாதி அறையை வெட்டுமேசை பிடித்துக்கொண்டது. மீதியில் துணிச் சுருள்கள், இஸ்திரிப் பெட்டி, ஒரு பழைய தையல் மிஷின், மிஷின் முன்னால் நாத்தனார். கணவரின் தங்கையான அவரும் அக்காவும் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அளவும் வெட்டும் பேச்சும் அக்காவுடையவை. தையல் முழுக்க நாத்தனாருடையது. மிஷினோ, கனமான துணியைக் கண்டால் நாலு தையலுக்கு ஒன்றை விழுங்கிவிடும். பிரித்துத் தைக்க வேண்டும். புது மிஷின் வாங்கித் தருவதாக அக்கா சொல்லி இரண்டு வருஷமாயிற்று. கடைத்தெருவிலுள்ள பெரிய கர்ட்டன் கடை, நல்ல மிஷினும் மாதச் சம்பளமும் தருகிறேன் என்று நாத்தனாரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டது. அது அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பது நாத்தனாருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு விடுதி மேலாளர் நாற்பது ஜன்னலுக்கு விலை கேட்டு வந்தார். எல்லாம் பேசி முடிந்து படியிறங்கும்போது, "உங்க வெப்சைட் என்ன?" என்றார். அக்கா சளைக்காமல் விசிட்டிங் கார்டை நீட்டினார். மேலாளர் அப்புறம் வரவேயில்லை. நாற்பது ஜன்னல் கைநழுவியது அக்காவை மூன்று நாள் உறங்கவிடவில்லை. நாலாம் நாள் வெப்சைட் செய்து தருகிறவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெப்சைட்காரர் பொறுமையான மனிதர். லேப்டாப்பை வெட்டுமேசை மேல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கங்கள் செய்ய இருபத்து நாலாயிரம். படம் எடுக்கப் பத்து. இணையத்தில் கடையின் பெயருக்கும் இடத்துக்கும் வருஷ வாடகை ஆறு. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே அளவைப் போட்டு, துணியைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர் கொடுக்கிற வசதிக்கு முப்பத்தாறு. ஆக எழுபத்தாறு. அக்கா கையில் இருந்தது எண்பது.

கணக்கு என்றால் அக்காவுக்குத் தெம்பு வந்துவிடும். "இதுக்கு அடிமடிப்பு எவ்ளோ விடணும் சார்?" என்றார். அவர் விழித்தார். கர்ட்டனுக்குக் கீழே மடித்துத் தைக்கத் துணி விடுவதுபோல, செய்து முடித்த பிறகு என்னென்ன செலவு வரும் என்று கேட்டதாக அக்காவே விளக்கினார். துணி விலை ஏறினால் மாற்றி எழுதுவது யார்? வெப்சைட் படுத்துவிட்டால் எழுப்புவது யார்? அடுத்த வருஷமும் வாடகை இதேதானா? தன்னிடம் இத்தனை கேள்வி கேட்டவர் யாருமில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதும் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுபத்தாறு போக நாலாயிரம் மிச்சம் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

அதுவரை மிஷினில் குனிந்திருந்த நாத்தனார் நிமிராமலே கேட்டார்.

"ஆர்டர் வந்து குமிஞ்சா, யாரு அண்ணி தைக்கிறது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. புது மிஷினுக்கான பணமும் அந்த எண்பதில்தான் இருந்தது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, ஊரைக் கூட்டிவர எழுபத்தாறாயிரம் ஒதுக்கியவர், வருகிறவர்களுக்குத் தைத்துக் கொடுக்க ஒரு காசு ஒதுக்கவில்லை. நாத்தனார் கேட்டது தையலைப் பற்றி மட்டுமல்ல என்பதும் புரிந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த மாதம் மிஷின் முன்னாலிருக்கும் அந்த நாற்காலி காலியாகிவிடும்.

அக்கா நோட்டை மறுபடி மேலிருந்து படித்தார். முப்பத்தாறாயிரத்தில் விரல் நின்றது. "சார், இதுல அளவு யாரு போடுவாங்க?"

"கஸ்டமரே போட்டுக்கலாம் மேடம். அதுதான் இதுல வசதியே."

அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அடுத்தவர் அளவை நம்பி ஒரு முழம் துணி வெட்டாதவர், அதற்காக முப்பத்தாறாயிரம் கொடுக்க இருந்தார்! அந்த வரியை அடித்தார். அதற்குப் பதில் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டால் போதும், அளக்கத் தானே வந்துவிடுவதாகச் சொன்னார். அடித்த இடத்துக்கு மேலே, 'தையல் மிஷின், முப்பதாயிரம்' என்று எழுதினார்.

வெப்சைட்காரர் எட்டிப் பார்த்தார். "மேடம், மிஷின் எல்லாம் வெப்சைட் செலவுல வராதே."

"ஏன் வராது? வர்ற ஆர்டர உங்க வெப்சைட்டா தைக்கும்?"

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கூட்டினால் எழுபது. மிச்சம் பத்தில் அடுத்த வருஷ வாடகைக்கு ஆறு, மடிப்புக்கு நாலு. மிஷின்தான் முதலில், அதை நாளைக்கே நாத்தனார் போய்த் தைத்துப் பார்த்து வாங்கட்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று அக்கா தீர்த்துச் சொன்னார். நாத்தனாரின் மிஷின் கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றது.

கடைசியாக வெப்சைட்காரர் ஒரு படிவத்தைத் திறந்தார். கடையின் பெயர், முகவரி எல்லாம் கேட்டு அடித்துக்கொண்டே வந்து, "ஓனர் பேரு? உங்க பேரையே போட்டுடவா?" என்றார்.

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி, முதல் வரியில் நாத்தனாரின் பெயரை அடித்தார். எழுத்துச் சரியா என்று அவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு அதற்குக் கீழே தன் பெயரை அடித்தார்.