எழுநூற்று இருபத்துநான்கு சுற்று

காதர் பாய் இறந்த செய்தி எனக்கு ஒரு போஸ்டராக வந்தது. நம் நெடுந்தூர ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில், அவர் சிரிக்கும் படத்தின் கீழே, "நிரந்தர எண் 17 இனி என்றும் அவருக்கே" என்று போட்டிருந்தார்கள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருந்த அவரை நம் எல்லோருக்கும் தெரியும். மாரத்தானில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஓடி, யாரும் நடுவழியில் விடுபடாமல் கூட்டிவருவது அவர் வேலை. ஒருமுறை பட்டினப்பாக்கம் அருகே நான் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "முன்னாடி போறவனுக்குக் கைதட்ட ஊரே கீது. உனுக்கு நான் கீறேன், எய்ந்திரு சார்" என்றார். முடிவுக்கோடு வரை கூடவே நடந்து வந்தார்.

பத்து ஆண்டு விடாமல் ஓடி முடித்தவருக்கு நம் குழுவில் நிரந்தர எண் உண்டு. அவருடைய பத்தாம் ஆண்டில் கொரோனா வந்தது. போட்டி ரத்து. அவரவர் இடத்திலேயே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, செல்போன் செயலியின் பதிவை அனுப்பினால் போதும் என்று அறிவித்தோம். வீட்டில் ஓட்ட இயந்திரம் வைத்திருந்தவர்கள் அனுப்பினார்கள். காதர் பாயின் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

அவர் மொட்டை மாடியில் ஓடினார். சுவரோரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு இஞ்ச் டேப்பால் அளந்தார்: ஒரு சுற்று அறுபது மீட்டர். மாரத்தானின் சரியான தூரம் 42.195 கிலோமீட்டர்; ஆக எழுநூற்று நான்கு சுற்று. மகள் ஷாஹிதா சுற்றுக்கு ஒரு சட்டைப் பொத்தானாக ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். முடிந்தபின் இன்னும் இருபது சுற்று ஓடினார். "தையலுக்கு வுட்டுக்கீறேன் சார். துணி பத்தலன்னா அப்பால இன்னா பண்றது?" என்று போனில் சிரித்தார். சின்ன மாடியில் சுற்றிச் சுற்றி ஓடியதில் செயலி குழம்பி, பாதி தூரம்கூடக் காட்டவில்லை.

குழுவின் செயலாளர் நான். இணையக் கூட்டத்தில் ஒருவர், "பொத்தான் எண்ணினா மாரத்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவர் ஒன்றுதான் கேட்டார்: "இந்த டேப்பை நம்பித்தான சார் நீ சட்டை போட்டுக்கினு கீற? ஓட்டத்துக்கு மட்டும் ஏன் நம்பல?" அடுத்த போட்டியில் அவர் முதல் ஆண்டுக்காரராகப் பதிந்துகொண்டு, மறுபடியும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடினார்.

துக்கம் கேட்கப் போனபோது ஷாஹிதாவிடம் அந்த டேப்பைக் கேட்டு வாங்கி மாடி ஏறினேன். அவர் ஓடிய தடம் சுவரோரமாக இன்னும் சுண்ணாம்புக் கோடாகத் தெரிந்தது. மண்டியிட்டு நான்கு பக்கமும் அளந்தேன். அறுபது மீட்டருக்கு மேல் இரண்டு சாண் இருந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அங்கேயும் தையலுக்கு விட்டிருக்கிறார்.

நண்பர்களே, உயிரோடு இருந்தபோது கொடுக்காத எண்ணைச் செத்த பிறகு யாருக்குச் சூட்டுகிறீர்கள்? அந்தப் போஸ்டரை எடுங்கள். கொரோனா ஆண்டில் ஓடி முடித்தவர்களின் பட்டியலைத் திறந்து அவர் பெயரை எழுதுங்கள். என் கடிதத்தை நான் திரும்பப் பெறுகிறேன்.

டேப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கோங்க அங்கிள்" என்றாள் ஷாஹிதா. அது என்னிடம் இருக்கிறது. இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் வாங்கிப் போகலாம். மாடி அங்கேயேதான் இருக்கிறது.