கழுத்தைப் பிடித்தவருக்கே சட்டை

நேற்று ஒரு ஏ.சி. கடையில் புது பனியன் துணியின் வாசனை மூக்கில் ஏறியதுமே என் கை பாய்ந்துபோய், தொங்கிக்கொண்டிருந்த ஒரு டீசர்ட்டின் கழுத்தை இறுக்கிப் பிடித்துவிட்டது. அதே சட்டைக்குக் கை நீட்டிய பெண் மிரண்டே போனார்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த வேலம்பாளையத்தில் வளர்ந்த கை அது. அங்கே ஞாயிறு மாலைகளில், ஏற்றுமதியில் கழித்த டீசர்ட்டுகளை ஒரு தார்ப்பாய்க் கொட்டகையில் மலையாகக் குவித்திருப்பார்கள். பக்கத்துக் கடை மிளகாய் பஜ்ஜி நாக்கில் எரிய எரிய, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவோம். ஒரே சட்டையை இருவர் இழுத்தால், கழுத்தைப் பிடித்தவருக்குத்தான் அது.

ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள், மஞ்சளாக ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. எதிர்ப்பக்கம் மஞ்சளை இழுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் கணக்கு டீச்சர்!

"டீச்சர், கழுத்து எங்கிட்டத்தானுங்க இருக்குது!"

"எங்கிட்டயும் கழுத்துதான் கண்ணு இருக்குது, உடு!"

இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்ததில் குவியலே சரிந்து, உள்ளிருந்து அதே மஞ்சள் சட்டைகள் பொலபொலவென்று கொட்டின. அத்தனையிலும் கிளி தலைகீழாக அச்சாகியிருந்தது. அடுத்த ஞாயிறு நான், டீச்சரின் மகள், பஜ்ஜிக்காரர் என்று தெருவே தலைகீழ்க் கிளியோடு திரிந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். நேற்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கழுத்தை மட்டும் விடவில்லை.